பாதாளக் கரண்டியும் எந்திரக் கையும்

‘கை’ என்பது தமிழில் ஓரெழுத்து ஒருமொழி. அந்த ஓரெழுத்தை முன்னிறுத்தி எத்தனை சொற்கள் நம் மொழியில் வழங்குகின்றன! கைத்தொழில், கைவினை, கைப்பக்குவம், கைமாற்று, கைவிடுதல், கைதூக்கிவிடுதல் என அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு பொருளைப் பயன்படுத்துவதையே ‘கையாளுதல்’ என்கிறோம். விருதுநகர் மாவட்டத்தின் வாழ்வும் கையை நம்பிய வாழ்வே. தீக்குச்சி அடுக்குவதும் பட்டாசுக்குத் திரி வைப்பதும் நாட்காட்டித் தாள் மடிப்பதும் கைகள்தாம். இன்று இம்மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களும் பள்ளி மாணவர்களும் போட்டிகளுக்காக எந்திரக் கைகளைச் செய்யத் தொடங்கியுள்ளனர். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று எவரேனும் வினவக்கூடும். கையைப் பற்றிய பேச்சில் தமிழுக்கு இடமில்லாமல் போகாது என்பது நம் விடை. அந்தக் கை எதைப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி இம்மாவட்டத்தில் உயிர்ப் பிரச்சினை என்பது அதனினும் முக்கியமான விடை.

முதலில் ஒரு குறைகூறலைப் பார்த்துவிடுவோம். மாணவர் செய்யும் கவ்விகள் எல்லாம் ‘கடையில் வாங்கிக் கோத்தவை’ என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். மோட்டார் சீனத்திலிருந்து வருகிறது. கட்டுப்பாட்டுப் பலகை 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்கென உருவான ‘ஆர்டுயினோ’. தகடும் திருகும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வருகின்றன. இதில் நம் பிள்ளைகளின் அறிவு எங்கே என்பது அவர்கள் வாதம். நாம் இதை ஏற்பதற்கில்லை. 1920களில் சிவகாசியிலிருந்து ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அத்தொழில் அவர்கள் கண்டுபிடித்ததன்று. பிறர் செய்ததைக் கண்டு தம் ஊருக்குப் பொருத்தியதே அவர்கள் திறன். தையற்காரர் நூலைத் தாமே நூற்பதில்லை. கிடைக்கும் உறுப்புகளில் எது தேவை, எது வீண் என்று தேர்வதில்தான் வடிவமைப்பு இருக்கிறது. தேர்வு என்பது கணக்கு. கணக்குப் போடாமல் கோத்தால்தான் அது கடைச்சரக்கு.

ஒரு சிறு கணக்கைப் போட்டே பார்க்கலாம். அரைக் கிலோ எடையுள்ள ஒரு டப்பாவை இரண்டு விரல்கள் பக்கவாட்டில் அழுத்தித் தூக்க வேண்டும் என்று கொள்வோம். விரல் நுனியில் ஒட்டிய ரப்பரின் உராய்வுக் கெழு 0.5 என்க. ஒவ்வொரு விரலும் 250 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதற்கு 500 கிராம் அளவு அழுத்தம் வேண்டும். தூக்கும்போது குலுங்குமாதலால் அதை இரட்டித்து ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். விரலின் நீளம் 6 சென்டிமீட்டர் எனில் விரலொன்றுக்கு 6 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை. இரு விரலையும் ஒரே மோட்டார் இயக்கினால் 12. மாணவர்கள் முதலில் வாங்குவதோ ஒன்பது கிராம் எடையுள்ள நீல நிறச் சிறு சர்வோ மோட்டார். அதன் உச்ச முறுக்குவிசையே ஏறக்குறைய 1.8 கிலோ-சென்டிமீட்டர்தான். போட்டி மேடையில் டப்பா நழுவி விழுவதற்குக் காரணம் விதியன்று, இந்தக் கழித்தல் கணக்குத்தான்.

உடனே பெரிய மோட்டாரைத் தேடி ஓடுவது பலருக்கும் வழக்கம். அது சோம்பேறி வழி. விரலைப் பாதியாகக் குறைத்தால் தேவை பாதியாகிவிடும். வழவழப்பான ரப்பருக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டினால் பிடிப்புக் கூடும். காரின் கண்ணாடியை ஏற்றியிறக்கும் மோட்டார் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். அதனுள் இருக்கும் புழுப்பல்சக்கரம் பின்னோக்கிச் சுழலாது. ஆகவே ஒருமுறை இறுக்கிவிட்டால் மின்சாரத்தை நிறுத்தினாலும் பிடி தளராது. இவையெல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றுண்டு: டப்பாவை நெரிக்காமல் அதன் அடியில் விரலை வளைத்துத் தாங்கிவிடுவது. குடத்தைப் பக்கவாட்டில் நசுக்கித் தூக்கும் பெண்ணை எங்கேனும் கண்டதுண்டா? கழுத்தின் விளிம்பைப் பற்றுவாள், அல்லது இடுப்பில் தாங்குவாள். அழுத்திப் பிடிப்பதற்கும் தாங்கிப் பிடிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் கவ்வி வடிவமைப்பில் பாதி கற்றாயிற்று.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. கிணற்றில் வாளி விழுந்தால் நம் தாய்மார்கள் எடுத்து வந்தது பாதாளக் கரண்டி. இரும்பு வளையத்தில் பல திசையிலும் நீளும் கொக்கிகள், மேலே ஒரு கயிறு, அவ்வளவே. அதற்குக் கண்ணில்லை, மோட்டார் இல்லை. வாளி எப்படிக் கிடந்தாலும் ஏதோ ஒரு கொக்கியில் ஏதோ ஒரு பகுதி சிக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கருவி அது. நுட்பமாகக் குறிபார்க்க முடியாத இடத்தில் கொக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்பது அதன் தத்துவம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த மூஸாவின் மைந்தர் மூவர் தம் ‘கிதாபுல் ஹியல்’ நூலில் விவரித்த நூற்றுக்கு மேற்பட்ட பொறிகளுள் ஒன்று, நீரடியில் கிடக்கும் பொருளை அள்ளி எடுக்கும் கவ்வி. கீலால் இணைந்த இரு பாதிகள், சிப்பி மூடுவதுபோல் மூடிக்கொள்ளும். துறைமுகங்களில் நிலக்கரி அள்ளும் பெரும் எந்திரங்கள் இன்றும் அதே வடிவத்தில்தான் இயங்குகின்றன. கெட்ட காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோர்க்கான மூச்சுக் கருவியையும் அதே நூல் விவரிக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மனிதன் இறங்கக் கூடாத இடத்தில் பொறி இறங்கட்டும் என்ற எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரும்பியிருந்தது.

சிவகாசிக்கு வந்தால் கவ்வியைத் தேடிப் போகவே வேண்டியதில்லை. ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் நுழைந்தால் போதும். காற்றை உறிஞ்சும் ரப்பர் வாய்கள் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்துத் தூக்குகின்றன. வரிசையாக நிற்கும் உலோக விரல்கள் அதன் ஓரத்தைக் கவ்வி உருளைக்குள் இழுத்துச் செல்கின்றன. மணிக்கு ஆயிரக்கணக்கில் இது நிகழ்கிறது. தாள் கிழிவதுமில்லை, நிறம் விலகுவதுமில்லை. அச்சுத் தொழிலாளர் இதைக் ‘கிரிப்பர்’ என்று ஆங்கிலப் பெயராலேயே அழைப்பர். ‘கிரிப்பருக்கு இடம் விட்டுப் போடுங்கள்’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. எந்திரக் கவ்விக்கு ஆராய்ச்சி நூல்களில் வழங்கும் பெயரும் அதுவேதான். அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துக் கவ்வி செய்யும் மாணவர்கள், பக்கத்துத் தெருவில் ஐம்பது ஆண்டு அனுபவத்துடன் அமர்ந்திருக்கும் அச்சு எந்திரப் பழுது நீக்குபவரிடம் ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதில்லையே என்பது நம் வருத்தம்.

கவ்வி என்பது விளையாட்டுப் பொருள் அன்று என்பதைத் தென்மாவட்டங்கள் இருமுறை கண்டன. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் ஆழ்துளைக் கிணற்றில் மூன்று வயதுக் குழந்தை விழுந்தது. மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி குழாய்க்குள் இறங்கி அக்குழந்தையை உயிருடன் மேலே கொண்டுவந்தது. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது கதை வேறாயிற்று. கையில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுக்கும் முயற்சி பலிக்கவில்லை. குழந்தை மேலும் ஆழத்திற்குச் சரிந்தது. நான்காம் நாள் உடல்தான் கிடைத்தது. கவ்வி வெல்வதும் தோற்பதும் மோட்டாரின் வலிமையால் மட்டும் முடிவாவதில்லை என்பதை அந்நாட்கள் காட்டின. குழாய்ச் சுவருக்கும் உடலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, விரலின் கனம் என்ன, பிடிக்கும் இடம் எது, ஈரமா, மண்ணா என்பவையே முதற் கேள்விகள். பிடிக்க வேண்டிய பொருளையும் இடத்தையும் அறியாமல் கவ்வியைச் செய்வது, கால் அளவு பாராமல் செருப்புத் தைப்பதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் நம் மாவட்டத்தில் பிடிக்க வேண்டிய பொருள் எது? நாம் சொல்லாமலே படிப்போர் உணர்ந்திருப்பர்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேரளவில் மாண்டனர். உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். அதற்குப் பின்னரும் ஆண்டுதோறும் செய்தித்தாளில் ஓர் ஊரின் பெயர் வருகிறது. ஒவ்வொரு முறையும் ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு’ என்ற சொற்றொடரைப் படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலக்கும் அந்தச் சிறு அறையில்தான் ஆபத்து செறிந்திருக்கிறது. கலக்கும் பொருளுக்கும் கலப்பவரின் முகத்திற்கும் இடையே இருப்பது ஒரு முழந்தூரம். ஆண்டுதோறும் தீக்காயப் பிரிவில் கிடப்பது அந்தக் கை.

உடனே நம் மாணவச் செல்வங்கள், ‘எங்கள் கவ்வியை அந்த அறையில் வைத்துவிடலாமே’ என்று ஆர்வத்துடன் கூறக்கூடும். கூடவே கூடாது என்று நாம் தடுக்கிறோம். சிறு சர்வோ மோட்டாருக்குள் பிரஷ் உரசிச் சுழலும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தீப்பொறிகள் ஓயாமல் பறக்கின்றன. வான் தொட்டால் தளிர்க்கும் பயிர்போல, அலுமினியத் தூளுக்கு ஒரு பொறி போதும். அக்ரிலிக் தகடும் முப்பரிமாண அச்சில் வார்த்த பிளாஸ்டிக் விரலும் வறண்ட நாளில் நிலைமின்னைச் சேர்த்து வைக்கும். சிவகாசியின் வறண்ட வானிலைதான் மருந்தை உலர்த்தி இத்தொழிலை வாழவைத்தது. அதே வறட்சிதான் நிலைமின்னையும் வளர்க்கிறது. போட்டிகளில் பெரிதும் விரும்பப்படும் அலுமினியச் சட்டம்கூடத் துருப்பிடித்த இரும்பில் வேகமாக மோதினால் பொறி கக்கும். மேடையில் முதற்பரிசு பெறும் கவ்வி மருந்தறையில் கொலைக் கருவியாகிவிடும். வடிவமைப்பு என்பது இடத்தைப் பொறுத்தது என்று மேலே கூறியது இதற்காகவே.

ஆகவே சிந்தனை வேறு வழியில் செல்ல வேண்டும். மின்சாரம் முழுவதும் சுவருக்கு அப்பால் இருக்கட்டும். அறைக்குள் செல்வது காற்றுக் குழாய் மட்டும். காற்றழுத்த உருளை, வால்வு, குழாய் ஆகியவை இன்று எந்தத் தொழில் நகரத்திலும் கடையில் கிடைக்கும் பொருள்கள்; இராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு அவை அன்றாடத் தேவை. விரல்களுக்கு இரும்பு வேண்டாம். பித்தளையும் மரமும் போதும். எல்லா உலோகப் பகுதிகளும் செம்புக் கம்பியால் தரையோடு இணைந்திருக்க வேண்டும். காற்றாலேயே இயங்கும் வேறொரு விந்தைக் கவ்வியும் உண்டு. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பலூனுக்குள் காப்பித் தூளை நிரப்பிப் பொருளின் மேல் அமுக்கினர்; உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியவுடன் தூள் இறுகிப் பொருளை அப்படியே கவ்விக்கொண்டது. விரலே இல்லாத கை! ஒரு பலூனும் கைப்பிடிக் காப்பித் தூளும் மருத்துவ ஊசிக்குழலும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகூட இதைச் செய்து பார்க்கலாம். (சாதாரண ரப்பரும் நிலைமின் சேர்க்கும் என்பதால் மருந்தறைக்கு இது அப்படியே ஆகாது, ஆயினும் சிந்தையைத் திறந்துவிடும்.)

கல்லூரி மாணவர்கள் இத்தகைய காரியத்தைச் செய்து முடிக்க வல்லவர்களா என்று ஐயுறுவோர்க்கு மலையாள நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரி முஸ்லிம் கல்விச் சங்கம் நடத்துவது. அங்கே பயின்ற நண்பர்கள் சிலர் மனிதர் அணிந்துகொள்ளும் எந்திரக் கூடு ஒன்றை மாணவப் பருவத்தில் உருவாக்கினர். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவர் நச்சுக் காற்றில் சிக்கினர். அவர்களைக் காக்கக் குதித்த ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத் என்பவரும் சேர்ந்து மூவரும் உயிரிழந்தனர். அச்செய்தி அந்நண்பர்களின் பாதையைத் திருப்பியது. ‘ஜென்ரோபாட்டிக்ஸ்’ என்ற நிறுவனமாக அவர்கள் இயங்கி, சாக்கடைக்குள் இறங்கி அள்ளும் ‘பெருச்சாளி’ என்னும் பொருள்படும் ‘பேண்டிகூட்’ எந்திரத்தை 2018இல் திருவனந்தபுரத்தில் களமிறக்கினர். அதன் கை காற்றழுத்தத்தால் இயங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். எரிவாயு தேங்கும் இடத்துக்கு ஏற்ற தேர்வு அது. ஓர் ஊரின் துயரத்திலிருந்து ஒரு கவ்வி பிறந்தது. நம் ஊர்களில் துயரத்திற்குப் பஞ்சமில்லை. கவ்விதான் இன்னும் பிறக்கவில்லை.

இதற்கு மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. எந்தக் கேள்வியைப் போட்டி கேட்கிறதோ அதற்கே அவர்கள் விடை எழுதுவர். பெரும்பாலான போட்டிகள் பிளாஸ்டிக் கட்டையை எடுத்து வேறொரு வட்டத்தில் வைக்கச் சொல்கின்றன. உலக அரங்கில் நிலைமை வேறு. 2002இல் டோக்கியோவில் தொடங்கிய ‘ரோபோகான்’ போட்டியை ஏற்று நடத்தும் நாடு தன் மண்ணிலிருந்தே பொருளைத் தருகிறது. 2008இல் புணேயில் நடந்தபோது உறியடித் திருவிழாவின் வெண்ணெய்ப் பானையை எந்திரங்கள் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2019இல் மங்கோலியர்கள் தம் பழைய குதிரை அஞ்சலைப் போட்டியாக்கினர். 2024இல் வியத்நாம் வயலில் நாற்று நடச் சொன்னது. விருதுநகர் மாவட்டம் ஒரு போட்டியை நடத்தினால் அது ஏன் மருந்தறையிலிருந்து பிறக்கக் கூடாது? உலோகத் தூள் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையே தாங்கிய பொறியியல் கல்லூரி 1984 முதல் சிவகாசியில் இருக்கிறது. தொழிலும் கல்வியும் இவ்வளவு அருகில் அமைந்த ஊர் தமிழகத்தில் அரிது.

எந்திரக் கை வந்தால் ஏழைக் கைக்கு வேலை போகும் என்ற அச்சம் பெரியோர் சிலரிடம் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். இம்மாவட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேரின் அடுப்பு, குழாய் சுற்றியும் தாள் ஒட்டியும் திரி வைத்தும் எரிகிறது. அந்த வேலைகளை எந்திரத்திடம் கொடு என்று நாம் கூறவில்லை. மருந்து கலக்கும் அறையில் இருப்போர் மிகச் சிலரே; அங்கே நேரும் வெடிப்பு அடுத்த அறைகளையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அந்த ஓரிரு கைகளைச் சுவருக்கு இப்பால் நிறுத்தி, நெம்புகோலைப் பிடிக்க வைத்தால் அவர்களின் கூலியும் போகாது, பக்கத்து அறைப் பெண்களின் உயிரும் போகாது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் சிறுவர்களைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோதும் தொழில் அழிந்துவிடும் என்றே பலர் கூறினர். தொழில் அழியவில்லை. பிஞ்சுக் கைகளை விலக்கிக்கொள்ள முடிந்த ஊருக்கு, மருந்தறையிலிருந்து பெரியவர் கைகளையும் விலக்கத் தெரியும்.

இந்தப் போட்டியில் தமிழ்த்துறைக்கும் ஒரு பங்கை நாம் உரிமையோடு கேட்கிறோம். கவ்வியைச் செய்தவர் பொறியியல் மாணவர். அதை இயக்கப் போகிறவர் வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி. அவர் படித்துப் புரிந்துகொள்ளும் இரு பக்கத் தமிழ்க் குறிப்பு இல்லாத கவ்வி பாதிக் கவ்வியே. ‘எதிர்ச்சுழல் முறுக்குவிசைக் கட்டுப்படுத்தி’ என்று எழுதி அவரை மிரட்டவும் வேண்டாம். வால்வை வால்வு என்றும் குழாயைக் குழாய் என்றும் எழுதினால் போதும். எழுதிய குறிப்பை ஒரு தொழிலாளியிடம் கொடுத்து, அவர் பிறர் துணையின்றி இயக்குகிறாரா என்று பார்த்து மதிப்பெண் இட வேண்டும். தமிழ்த்துறை மாணவர்க்கு இதைவிடச் சிறந்த உரைநடைப் பயிற்சி வேறு எது?

போட்டியின் அமைப்பையும் நாம் எண்ணிப் பார்த்தோம். உண்மையான மருந்தின் பக்கம் எந்த மாணவனும் போகக் கூடாது. அது உரிமம் பெற்ற ஆலைகளும் வெடிபொருள் துறை அலுவலர்களும் பின்னர்ச் செய்ய வேண்டிய சோதனை. போட்டி மேசையில் கோலப்பொடியும் செங்கற்பொடியும் போதும். வெள்ளையும் சிவப்பும் திட்டுத் திட்டாக நில்லாமல் ஒரே நிறமாகும் வரை, மரச் சுவருக்கு அப்பாலிருந்து, சலித்துக் கலக்க வேண்டும். சுவரைத் தாண்டி மின்கம்பி சென்றால் தகுதி நீக்கம். உலோகத்தோடு உலோகம் உரசும் ஓசை கேட்டால் மதிப்பெண் குறைவு. தூள் உயரத்திலிருந்து கொட்டினாலும் புழுதி எழுந்தாலும் குறைவு. உறுப்புகள் அனைத்தும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம் கடைகளிலோ பழைய இரும்புக் கிடங்கிலோ வாங்கியவையாக இருக்க வேண்டும். இரசீதையும் உடன் வைக்க வேண்டும், ஏனெனில் கவ்வி பழுதடையும் நாளில் ஆலைக்காரர் அதே கடைக்குத்தான் போவார். நடுவர் குழுவில் பேராசிரியர் இருவர் இருக்கட்டும். அச்சு எந்திரப் பழுது நீக்குபவர் ஒருவரும், முப்பது ஆண்டு மருந்து கலந்து விரல்கள் மிஞ்சிய தொழிலாளி ஒருவரும் அவர்களுக்குச் சமமாக அமரட்டும். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்களில் இதை வைத்தால் தொழிலாளி வர இயலாது. பண்டிகை முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்களே ஏற்றவை.